புதன்கிழமை வெள்ளைக்காரன்

புதன்கிழமை பிறந்த இரண்டு பேர் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிய மடையன் ஒருவன் இந்த ரங்கூனில் உண்டு. வேறு யாருமில்லை, நான்தான். வாரத்துக்கு ஏழு நாள். உலகத்தில் ஏழில் ஒருவன் புதன்கிழமைக்காரன். இந்தக் கணக்கு கருவாட்டுக் கடைப் பூனைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் என் மனைவிக்கு ஒரு மழைக்காலத்துச் சந்தோஷம் கிடைத்திருக்காது. கிடைத்த பிறகு கையைவிட்டுப் போயுமிருக்காது.

என் பிழைப்பைச் சொல்கிறேன். கியாக்டடா பக்கம் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன கட்டடங்களைச் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தவன் நான். எதை யார் கட்டியது என்று தெரியாத இடத்தில் "ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர்" என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிறகு சுற்றுலாக்காரர்கள் வருவது நின்றுபோனது. கட்டடங்கள் அப்படியே இருந்தன, காட்ட ஆள் இல்லை. அப்போதுதான் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வழியாக எனக்கு இன்னொரு தொழில் வந்து சேர்ந்தது: இங்கிலாந்தில் இருப்பவர்களுக்காக ரங்கூனில் செத்துப்போன அவர்களுடைய சொந்தக்காரர்களைத் தேடிக் கொடுப்பது. உயிரோடு இருப்பவர்களிடம் பேசிப் பேசிச் சலித்துப்போனவனுக்கு நல்ல வேலை. செத்தவர்கள் பேரம் பேசுவதில்லை, படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறது என்று குறை சொல்வதுமில்லை.

அப்படி வந்தவர்தான் அந்த அம்மா. எண்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். லண்டனுக்கு வெகுதூரத்தில், வாரம் ஒருநாள் சந்தை கூடும் சின்ன ஊர். அவருடைய குடும்பம் அந்த ஊரை விட்டு நகர்ந்ததே இல்லை. ஆறு தலைமுறையாக ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே சுடுகாடு. அவர்கள் எரிப்பதில்லை என்பதால் இடுகாடு என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் எங்களுக்குக் கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனில் கூப்பிடுவார். அவருக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வினோதப் பழக்கம். மூத்த மகன் எல்லோருக்கும் ஒரே பெயர். அப்பன் பெயர்தான் மகனுக்கு, மகன் பெயர்தான் பேரனுக்கு. யார் செத்தது, யார் கல்யாணம் செய்தது என்று தலை சுற்றியது. கடைசியில் நான் தமிழில் பட்டப்பெயர் வைத்துவிட்டேன். குதிரைக்குச் சேணம் தைத்தவர் சேணக்காரர். அவர் மகன் தோல் நாற்றம் பிடிக்காமல் அடுப்பு வைத்தவர், ரொட்டிக்காரர். அவர் மகன் மணிக்காரர். கோயில் மணிக்கயிற்றை இழுக்கும் வேலை. ஒருநாள் கயிற்றை விட வேண்டிய நேரத்தில் விடாமல் கயிறோடு மேலே போய்விட்டு, இறங்கும்போது காலை உடைத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு இந்தப் பட்டப்பெயர்கள் பிடித்துப்போயின. "மனிக்காரர், மனிக்காரர்" என்று சொல்லிப் பழகுவார். நான் திருத்தவில்லை. அவர் வாயில் என் தமிழ் அழகாகத்தான் இருந்தது.

ஊரான் குடும்பத்தை ஆறு தலைமுறைக்கு ஒப்பிக்கிற எனக்கு என் வம்சம் எதுவரை தெரியும் என்று கேட்காதீர்கள். போட்டாதாங் கப்பல்துறையில் மூட்டை தூக்க வந்த தாத்தாவோடு சரி. அவருக்கு முன்னால் கடல்தான். என் வம்சம் கப்பல் படிக்கட்டில் ஆரம்பிக்கிறது.

அந்த அம்மா தேடியது மணிக்காரரின் கடைசி மகனை. அம்மாவின் தாத்தாவுக்குத் தம்பி முறை. இவரைச் சின்னவர் என்று வைத்துக்கொண்டேன். மீசை சரியாக முளைக்காத வயதில், ரொட்டி மாவும் வேண்டாம், மணிக்கயிறும் வேண்டாம் என்று ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். மரக் கம்பெனியில் வேலை என்று பேச்சு. துறைமுகத்தில் இறங்கியதும் ஒரு தகவல் போயிருக்கிறது. அதோடு சரி. அப்புறம் ஒன்றுமில்லை.

"அவருடைய தாய் என்ன செய்தார்?" என்று கேட்டேன்.

"காத்திருந்தார்" என்றார் அந்த அம்மா. "குடும்பக் கல்லறையில் எல்லோர் பெயரும் இருக்கிறது. அவர் பெயருக்கு மட்டும் ஒரு வரி இடம் காலியாக விடச் சொல்லிவிட்டுச் செத்திருக்கிறார். நூறு வருஷமாகக் காலியாகவே கிடக்கிறது. எனக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாருமில்லை. அதை நிரப்பிவிட்டுப் போக வேண்டும் என்று ஆசை."

இதைக் கேட்டுக்கொண்டிருந்தது நான் மட்டுமில்லை.

என் மனைவி தமிழ் அப்பாவுக்கும் பர்மா அம்மாவுக்கும் பிறந்தவள். தமிழில் திட்டுவாள், பர்மியில் கொஞ்சுவாள். எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் தமிழ்தான். ஆங்கிலம் அரைகுறையாகப் புரியும். அன்றைக்கு அந்த அம்மா சொன்னதில் எந்த அரை புரிந்ததோ தெரியாது, போனை வைத்தவுடன் கேட்டாள்:

"பெத்தவ சாகற வரைக்கும் காத்துக்கிட்டேவா இருந்தா?"

"ஆமா."

"அப்ப அவளுக்குத் தெரியவே தெரியாதா?"

எங்களுக்கு ஒரே மகன். சனிக்கிழமைப் பிள்ளை. பட்டாளத்துக்குப் பிடித்துப்போய்விடுவார்கள் என்று இந்த ஊரில் அந்த வயதுப் பையன்களை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் தைரியம் இல்லாத காலமாகிவிட்டதால், கூட்டாளிகள் இரண்டு பேரோடு தாய்லாந்துப் பக்கம் வேலைக்கு என்று கிளம்பினான். எல்லைக்கு இந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு போன் வந்தது. "சிம் மாத்தப்போறேன், அமே. புது நம்பர்லேர்ந்து கூப்பிடறேன்" என்றான். அமே என்றால் பர்மியில் அம்மா. அவன் அம்மாவிடம் பேசுவது எப்போதும் பர்மியில்தான். அந்த ஒரு வாக்கியத்தை ஏன் தமிழில் சொன்னான் என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். புது நம்பரிலிருந்து போன் வரவில்லை. கூட்டாளிகள் வீட்டுக்கும் வரவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் போட்டாதாங் பகோடாவுக்குப் போவாள். பர்மாக்காரர்களுக்குப் பிறந்த தேதி மறந்தாலும் கிழமை மறக்காது. பெயரின் முதல் எழுத்து அதை வைத்து. பகோடாவில் கும்பிடும் மூலையும் அதை வைத்து. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை, ஒரு மிருகம். சனிக்கு நாகம். அந்த மூலையில் பிள்ளையின் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கிண்ணம், கூட ஒரு கிண்ணம் என்று தண்ணீர் ஊற்றுவாள். அந்தக் கூடுதல் கிண்ணம் வரப்போகும் வயதுக்காக. உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பேன். செருப்புத் திருடனிடமிருந்து குடும்பத்தைக் காப்பாற்றும் திறமை எனக்கு உண்டு.

சின்னவர் கதை வந்த பிறகு அவள் என்னைத் துரத்த ஆரம்பித்தாள். "இன்னிக்குத் தேடப் போகல்லியா? அந்தக் கிழவி எவ்வளவு நாளைக்கு உயிரோட இருப்பா?" என் தொழிலில் அவள் அக்கறை காட்டியது அதுதான் முதல் தடவை. நானும் மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்பினேன். மரக் கம்பெனி என்றார்களே என்று, ஆற்றோரம் பழைய மரக்கிடங்குகள் இருந்த க்யிம்யிண்டைங் பக்கம் போனேன். அங்கே சந்தையில் வெள்ளைக்காரத் தாத்தா இருந்த குடும்பம் ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். இந்த ஊரில் வெள்ளைத் தாத்தா இல்லாதவர்கள் குறைவு, ஒத்துக்கொள்கிறவர்கள் அதைவிடக் குறைவு. ஒத்துக்கொண்ட ஒரே ஆள் ஙப்பிக் கடைக்காரி. ஙப்பி என்பது மீனை உப்புப் போட்டுப் புளிக்க வைத்து அரைக்கும் பசை. அது இல்லாமல் இங்கே யாருக்கும் சோறு இறங்காது. அதன் வாசனை இறங்கிய சட்டையும் தேறாது.

எழுபது வயதிருக்கும் அந்த அக்காவுக்கு. முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, மூக்கு மட்டும் சீமை மூக்கு. அமா என்று மரியாதையாக, பர்மி முறையில் அக்கா போட்டுத்தான் ஆரம்பித்தேன். அவள் மரியாதைக்கெல்லாம் மசியவில்லை.

"என்ன வேணும், கலா?" என்றாள் பர்மியில். கலா என்றால் இந்தியாக்காரன். நல்ல வார்த்தை இல்லை, ஆனால் அவள் சொன்ன விதத்தில் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

"உங்க வெள்ளைக்காரத் தாத்தாவைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்."

"எங்க தாத்தா வெள்ளைக் கலா, நீ கறுப்புக் கலா. ரெண்டு பேரும் கப்பல்ல வந்தவங்கதானே? நீயே உன் ஆளுங்ககிட்டக் கேட்டுக்கோ."

கால் கிலோ ஙப்பி வாங்கியதும் வாய் திறந்தது. தாத்தா சின்ன வயதில் தனியாக வந்தவர். மரக்கிடங்கில் வேலை. பாட்டியைக் கட்டிக்கொண்டு, லோஞ்சிக் கைலி உடுத்தி, கையால் சோறு தின்று, ஒரு வீடு நிறையப் பிள்ளைகளைப் பெற்று, கிழவராகிச் செத்தார். சீமைக்கு ஒரு தகவலும் அனுப்பியதில்லை. இங்கிலீஷ்ப் பெயரை யாரும் வாய்க்குள் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பர்மாப் பெயர் தெரியும். அது புதன்கிழமை எழுத்தில் ஆரம்பிக்கும் பெயர்.

எனக்கு அது போதும். அன்று சாயங்காலமே அந்த அம்மாவிடம் சின்னவர் பிறந்த தேதியைக் கேட்டு, போனில் கிழமை பார்த்தேன். புதன்!

"மேடம், கண்டுபிடித்துவிட்டேன்!" என்றேன். "ஒரே ஒரு சந்தேகம். புதன் காலையா, மதியத்துக்கு மேலா?"

"அது எதற்கு?"

"காலை என்றால் தந்தமுள்ள யானை. மதியத்துக்கு மேல் என்றால் தந்தமில்லாத யானை."

கரண்டிச் சத்தம் நின்றது. "நாங்கள் சேணம் தைப்பவர்கள்" என்றார் அந்த அம்மா. "யானை வைத்திருந்ததில்லை."

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இன்னொரு சாட்சி கிடைத்தால் நல்லது" என்றார். ஆசிரியை அல்லவா? என் புதன்கிழமைக்கு அவர் பாதி மதிப்பெண்தான் போட்டார்.

முழு மதிப்பெண் போட்டவள் என் மனைவி. "உயிரோடதான் இருந்திருக்கான்!" என்றாள். சின்னவரை அவன் இவன் என்று அவள் பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான். "பெத்தவ அங்க அழுதுக்கிட்டிருந்தா. இவன் இங்க ஙப்பி தின்னுக்கிட்டு ஜாலியா இருந்திருக்கான், பாருங்க!"

மறுநாள் என்னை விட்டுவிட்டுத் தனியாகவே பஸ் ஏறி க்யிம்யிண்டைங் போனாள். என்ன பேசினார்களோ, வரும்போது பையில் இன்னும் ஒரு கிலோ ஙப்பி. நான் கேட்காமலே சொன்னாள்.

"ஏன் எழுதலேன்னு கேட்டேன். முதல்ல கோபமாம். அப்புறம் வெட்கமாம். இத்தனை நாள் எழுதாம இப்ப என்னன்னு எழுதறதுன்னு. அப்புறம் கல்யாணம் ஆயிடுச்சு, மறந்துட்டாராம்."

"அம்மாவை மறக்க முடியுமா?"

"முடியட்டுமே" என்றாள். "மறந்துட்டு நல்லா இருந்தா சரிதான்."

அந்த மழைக்காலம் எங்கள் வீடு ஙப்பி வாசனையோடு நன்றாக இருந்தது. அவள் திரும்பவும் திட்ட ஆரம்பித்தாள். உப்பு கூடினால் நான் வாங்கிய உப்பு சரியில்லை, துணி காயாவிட்டால் நான் கட்டிய கொடி சரியில்லை. நான் மகிழ்ந்து போனேன். "உங்க பிள்ளை ஒரு தாய்லாந்துக்காரியக் கூட்டிட்டு வந்து நிப்பான் பாருங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியாது" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். வராத மருமகள் மேல் அவளுக்குக் கோபம்கூட வந்துவிட்டது. "கையால சாப்பிடுவாளோ, கரண்டியோ?" என்றாள். "கரண்டிதான்" என்றேன். "அதானே பார்த்தேன்" என்றாள்.

அந்த அம்மா மட்டும் விடவில்லை. கூப்பிடும்போதெல்லாம் மெதுவாக, "அந்த இன்னொரு சாட்சி?" என்பார். குரல் இளைத்துக்கொண்டே வந்தது. இப்போது படுக்கையில் இருந்தபடியேதான் பேசுகிறார் என்று சொன்னார். கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. கல் கொத்துகிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். வந்து காத்திருக்கிறாராம். "க்யிம்யிண்டைங்கில் வாழ்ந்து மறைந்தார் என்று போடலாமா? நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வார்த்தையை நம்புகிறேன்."

ஒருவர் என் வார்த்தையை நம்புகிறேன் என்று சொல்லிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஊருக்கு நடுவே இருந்த பழைய கிறிஸ்துவக் கல்லறைகளைக் காலி செய்தபோது கொஞ்சம் கற்களை ஊருக்கு வெளியே பெரிய இடுகாட்டில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். அங்கே போய் ஒரு பார்வை பார்த்துவிட்டால், "எல்லா இடமும் பார்த்தாயிற்று, இங்கே இல்லை" என்று மனசாட்சியோடு சொல்லிவிடலாம். இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் போனேன். மனைவியிடம் சொல்லவில்லை. ஊர் நடுவே சுலேயில் நண்பனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மழை விட்டிருந்தது. கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கொடி ஏறிக் கிடந்தன. பல்லாங்குழிக் காய்கள் மாதிரி யாரோ அள்ளிப் போட்டிருந்தார்கள். காவல்காரர் கொடுத்த தென்னந்துடைப்பத்தால் பாசியைத் தேய்த்துத் தேய்த்துப் படித்துக்கொண்டே போனேன். யாரோ ஒரு கப்பல் கேப்டன். யாரோ ஒரு கைக்குழந்தை. ஒரு ஸ்காட்லாந்துக்காரர், அவரைப் பார்த்து வணக்கம் சொன்னேன், பாதிக் கட்டடங்கள் அவர் கணக்கில்தானே இருக்கின்றன?

வேலிக்குப் பக்கத்தில் மூலை உடைந்த ஒரு சின்னக் கல். துடைப்பத்தை இரண்டு தடவை இழுத்ததும் அந்த ஊரின் பெயர் வந்தது. லண்டனுக்கு எட்டாத, வாரம் ஒருநாள் சந்தை கூடும் அந்த ஊர். அதை இந்த ரங்கூனில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே அவர் பெயர். மணிக்காரரின் மகன் என்றும் இருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வைத்த கல். கப்பல் இறங்கிய அதே வருஷத்து மழைக்காலம். வயதும் போட்டிருந்தது. என் மகனைவிட ஒரு வயது குறைவு.

பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன். "ஐயா, க்யிம்யிண்டைங்கில் உங்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஙப்பி வியாபாரம், நல்ல வரும்படி" என்று கல்லிடம் சொல்லிப் பார்த்தேன். எந்த இடத்திலும் ஒரு ஜோக் அடித்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். அன்றைக்கு வரவில்லை. கோபமுமில்லை, வெட்கமுமில்லை, கல்யாணமுமில்லை. மறப்பதற்கு அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. அங்கே பெற்றவள் எத்தனையோ வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அத்தனை வருஷமும் அவர் இங்கே, இந்தக் கல்லுக்குக் கீழே இருந்திருக்கிறார்.

கூட வேலை பார்த்த அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடவா அந்தத் தாயின் விலாசம் தெரியவில்லை? கல் வைக்கத் தெரிந்தவர்களுக்கு? யாரோ எழுதுவார்கள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அப்படித்தான் நடக்கும். என் மகனுடைய கூட்டாளிகளைப் பற்றி நினைத்தேன். பிறகு நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

காவல்காரர் வந்து, "உங்க ஆளா, சயா?" என்று கேட்டார். மரியாதைக்கு எல்லோரையும் வாத்தியார் என்று கூப்பிடும் ஊர் இது.

"ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது இரண்டு பொய்களைத் தயார் செய்தேன், ஒன்று அந்த அம்மாவுக்கு, இன்னொன்று வீட்டுக்கு. இரண்டும் நன்றாகவே இருந்தன. பொய் சொல்லிப் பிழைத்தவன், கட்டடத்துக்கெல்லாம் ஸ்காட்லாந்துக்காரரை ஒட்டிவிட்டவன், எனக்கென்ன கஷ்டம்?

வீட்டுக்கு வந்தபோது அவள் தரையில் முறத்தை வைத்துக்கொண்டு பட்டாணியில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். தயார் செய்த பொய் வாய்வரை வந்து நின்றுகொண்டது. எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவன் பேசாமல் உட்கார்ந்தால் வேறு சாட்சி எதற்கு? அவள் என் லோஞ்சியின் ஓரத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தாள்.

"சுலேல இந்த மண்ணு கிடையாது" என்றாள்.

"கிடையாது."

"இடுகாட்டுக்குப் போனீங்களா?"

"ம்."

"அங்கதான் இருக்கானா?"

"அங்கதான்."

"அப்ப க்யிம்யிண்டைங்ல இருந்தது?"

"அது வேற யாரோ. நல்லா வாழ்ந்தவரு."

அவள் கை நிற்கவில்லை. நல்ல பட்டாணி ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். "எப்பவாம்?" என்று கேட்டாள்.

"வந்த வருஷமே."

"என்ன வயசு?"

சொன்னேன். அப்போது மட்டும் ஒரு நல்ல பட்டாணியை எடுத்துச் சொத்தைப் பக்கம் போட்டாள், திரும்ப எடுக்கவில்லை. கீழே தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அதனால் வேலையைப் பற்றிப் பேசினேன். ஆம்பிளைகளுக்கு அது ஒரு சௌகரியம்.

"அந்த அம்மா படுத்துட்டாங்க. கல் கொத்தற ஆளைக் காக்க வெச்சிருக்காங்க. ராத்திரிக்குள்ள பதில் எழுதணும். என்னன்னு எழுதட்டும்?"

அவள் தலை நிமிராமலே சொன்னாள்:

"கிடைக்கலேன்னு எழுதுங்க."